மிச்சக் காற்று

சித்தூரிலிருந்து பலமநேர் போகிற பழைய ரோட்டில் கிருபானந்தம் ஷெட் எங்கே என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஊதுற மெக்கானிக் ஷெட் என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். எந்தக் குழாய் கையில் கிடைத்தாலும் அதை உதட்டில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டுத்தான் அவர் மேற்கொண்டு பேசுவார். பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் குழாய், கார்புரேட்டரின் ஊசித்துளை, எதுவானாலும் ஊதல்தான். காற்று எங்கே தயங்குகிறது, எங்கே நழுவுகிறது என்று கன்னத்துக்குத் தெரிந்துவிடும் என்பார். இத்தனைக்கும் அவருக்கு வீசிங். இரண்டு மாடி ஏறினால், மூன்றாவது மாடியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிற ஆள்.

ஆண்டவரின் காரியங்களில் இப்படிக் குறும்பு உண்டு. மூச்சை அளந்து கொடுத்த ஆளுக்கே காற்றின் மேல் தீராத ஆசையையும் கொடுத்துவிடுவார். கிருபானந்தத்தின் நைனா மிஷன் சபையில் உபதேசியாராக இருந்தவர். வெயில் காலம் வந்தால் பையனின் நெஞ்சுக்குள் பூனை கத்தத் தொடங்கும். உடனே சித்தூர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியத்தை அவரும் செய்வார். பையனை மேலே அனுப்பிவிடுவார். மேலே என்றால் பலமநேர், குப்பம் பக்கத்து மேட்டு நிலம். மேலக் காற்று நல்ல காற்று, கெட்டிக் காற்று என்பது அந்த ஜில்லாவில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. சீக்காளிகளை மட்டுமா, பரீட்சையில் தோற்றவர்களையும் கல்யாணம் தள்ளிப்போனவர்களையும்கூட அந்தக் காற்றை நம்பி அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

மேலே போகிற பஸ் மொகிலி காட் ரோட்டில் ஏறும்போது ஒரு வளைவில் திணறும். டிரைவர் கியரை இறக்குவார். பஸ் ஒரு பெருமூச்சு விட்டு, நின்றுவிடலாமா என்று யோசிக்கும். சன்னலோரப் பையன் சரியாக அந்த இடத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வான். தனக்காக அல்ல, பஸ்சுக்காக. வளைவு தாண்டியதும் மெல்ல விடுவான். பஸ் ஏறியது தன்னால்தான் என்று ரொம்ப வருஷம் நம்பினான். தலை நரைத்த பிறகும் அந்த நம்பிக்கை முழுசாகப் போய்விடவில்லை.

அதோடு ஒரு கனவும் கூடவே வளர்ந்தது. கனவில் ஒரு கார் அந்த வளைவில் ஏறுகிறது. கியர் இறங்கவில்லை, திணறல் இல்லை. ஒரே மூச்சு. பாறைகள் ஒதுங்கி வழிவிடுகின்றன, சீதாப்பழச் செடிகள் தலையசைக்கின்றன, பனி வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகிறது. உச்சிக்கு வருவதற்கு ரவ முன்னால், கொஞ்சூண்டு முன்னால், எப்போதும் விழிப்பு வந்துவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் தபீதாள், "இன்னா, திரும்பவும் காட் ரோடா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பாள்.

தபீதாள் அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமையானால் சபையில் லெக் ஆர்மோனியம் வாசிக்கிறவள். காலால் பெடலை மிதித்துப் பைக்குள் காற்றை நிரப்பிக்கொண்டே, கைகளால் வாசிக்க வேண்டிய பெரிய பெட்டி அது. கிருபானந்தம் அவளைக் காதலித்தது அந்தக் கால்களைப் பார்த்துத்தான். பாட்டு எவ்வளவு வேகமெடுத்தாலும் அந்தக் கால்கள் பதறாது.

கனவுக்கென்று ஒரு கார் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. வெள்ளைப் பெட்ரோல் கார், அவர் தலையைவிட ரவ கம்மியாக நரைத்தது. பின்னால் இருந்த பெயர் எழுத்துகளை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால் அது என்ன கார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவரைக் கேட்டால் "நம்ம கார்" என்பார். அதன் என்ஜினில் அவர் ஒரு சூப்பர்சார்ஜரைப் பொருத்தியிருந்தார்.

சூப்பர்சார்ஜர் என்றால் பயப்பட வேண்டாம். நத்தைக் கூடு போல ஒரு அலுமினிய வீடு, அதற்குள்ளே ஒரு சின்னச் சக்கரம். என்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்துவிட்டால், என்ஜின் சுற்றச் சுற்ற அந்தச் சக்கரமும் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். நிறையக் காற்று போனால் நிறையப் பெட்ரோலை எரிக்கலாம், நிறைய இழுவை கிடைக்கும். மூச்சு போதாத ஒரு பிராணிக்கு வாயில் வாய் வைத்து ஊதுகிற வேலைதான். கிருபானந்தத்துக்கு அதன் மேல் மையல் வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால் இந்த நத்தைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மெதுவாகச் சுற்றும்போது தூங்குமூஞ்சி, வேகமெடுத்தால் வெறி பிடித்தது. என்ஜின் இரண்டு மடங்கு சுற்றினால் அது காற்றை இரண்டு மடங்கு அமுக்குவதில்லை, நாலு மடங்கு அமுக்கும். "ரெண்டுக்கு நாலு, மூணுக்கு ஒம்போது. இது ஏயாங் கிளாஸ் கணக்குதானே, இதுல இன்னா அதிசயம்?" என்றாள் தபீதாள். அதிசயம் ஒன்றுமில்லை, ஆபத்துதான் இருந்தது. பெல்ட்டில் கட்டிய பிசாசுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. அளவுக்கு மேல் காற்றைத் திணித்தால் பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்பே வெடித்து, பிஸ்டனை உடைத்துவிடும். வெடிப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை கேட்கும், தகர டின்னில் கோலிக்குண்டு போட்டு உலுக்குகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பிழைத்தோம்.

கிருபானந்தம் இரண்டு தடவை எடுக்கவில்லை. முதல் தடவை காணிப்பாக்கம் ரோட்டில், தபீதாள் பக்கத்தில் உட்கார்ந்து "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டிருக்க, இன்னும் ரவ, இன்னும் ரவ என்று மிதித்தார். பிஸ்டனில் ஓட்டை. அந்த என்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றைத் தேடி எடுத்து மாட்டினார். இரண்டாவது தடவையும் கோலிக்குண்டு உருண்டது, தபீதாளும் கத்தினாள், இவரும் மிதித்தார். அன்றைக்குப் புகை நெஞ்சில் ஏறி இவருக்கே மூச்சு நின்று, தபீதாள் இவரை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு ஓடினாள். என்ஜினும் ஆளும் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டதில் அவளுக்கு எந்தப் பக்கம் அழுவது என்று தெரியவில்லை.

ஆள் எழுந்து உட்கார்ந்ததும் அவள் பேசினாள்.

"ஜாபேஸ் ஸ்ரீசிட்டியில ஒரு வேலை சொல்லி வச்சிக்கினு கீறான்." ஜாபேஸ் அவளுடைய தம்பி. குடும்பத்தோடு திருப்பதியில் இருந்துகொண்டு, ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் போய் வருகிறவன். "ஏசி ஹாலு. தூசி கெடையாது, பொகை கெடையாது. உங்க நெஞ்சுக்கு அதாங்க நல்லது."

"தோ பாரு தபீதா, இன்னும் ஒரே ஒரு என்ஜினு..."

"சரி. மாட்டுங்க. மூணாவதும் போச்சுன்னா ஷெட்டைப் பூட்டிட்டு ஸ்ரீசிட்டிக்குக் கெளம்பிடணும். சத்தியம் கித்தியம் ஒண்ணும் வாணாம். ஆமான்னு சொல்லுங்க, போதும்."

கிருபானந்தம் ஆமாம் என்று சொன்னார். சொன்ன பிறகு ஷெட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. தொங்குகிற பெல்ட்டுகளைக் காற்று லேசாக ஆட்டியது. ஏசி ஹாலில் காற்று எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று ஒருவருக்கும் தெரியாதே என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

மூன்றாவது என்ஜின் வந்து உட்கார்ந்தது. பங்குனி மாதம் குப்பத்திலிருந்து நாகபூஷணம் கூப்பிட்டார். கல் அறுக்கிற இடம் வைத்திருப்பவர். பாறையில் துளை போடுகிற கம்ப்ரஸர் இளைக்கிறது, வந்து பாருங்கள் என்றார். கிருபானந்தம் நம்ம காரிலேயே போனார். டிக்கியில், தானே கடைந்து வைத்திருந்த புல்லிகள், அதாவது பெல்ட் ஓடும் சக்கரங்கள், சின்னதும் பெரியதுமாகக் குலுங்கின.

எல்லாம் அந்தப் புல்லியில்தான் இருந்தது. நத்தையின் பக்கம் பெரிய புல்லி போட்டால் அது நிதானமாகச் சுற்றும். என்ஜினுக்கு ஆபத்தில்லை, ஆனால் வளைவில் இழுவையும் இருக்காது. சின்ன புல்லி போட்டால் வளைவில் நன்றாக ஊதும், ஆனால் வேகமெடுத்தால் எல்லை தாண்டிவிடும். எல்லை எது என்று அவருக்கு இரண்டு என்ஜின்களைப் பறிகொடுத்ததில் தெரிந்திருந்தது. காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டரில் அந்த இடத்தில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டி வைத்திருந்தார்.

கீழே சித்தூர் கொதிக்கத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. மேலே விடியற்காலையில் இன்னும் போர்வை வேண்டியிருந்தது. கம்ப்ரஸர் வேலைக்குப் போவதற்கு முன் தினமும் அவர் குடுபல்லி ரோட்டுக்குக் காரைக் கொண்டுபோவார். ஆளில்லாத ரோடு. இரண்டு பக்கமும் ராகி அறுத்த கொல்லைகள், அவற்றின் மேல் பால் ஆடை போல மெல்லிய பனி. சின்ன புல்லியை மாட்டி மிதித்தார். நத்தை மெல்லிய குரலில் பாடத் தொடங்கியது. ஊசி எழுந்தது, ஏறியது, என்ஜின் முழு வேகத்துக்குப் போனபோது சரியாகச் சிவப்பு டேப்பின் ஓரத்தை முத்தமிட்டு நின்றது. அதற்கு மேல் ஒரு மயிரிழை போகவில்லை. அவர் மறுபடியும் மிதித்துப் பார்த்தார். மறுபடியும் அதே இடம். மைனாக்கள் கூட்டமாக எழுந்து பனிக்குள் கரைந்தன. விழித்திருக்கும்போதே கனவுக்குள் வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து தொடையைக் கிள்ளிக்கொண்டார்.

"எப்படி அண்ணா, மொகமெல்லாம் தெளிஞ்சி போச்சி?" என்றார் நாகபூஷணம், தெலுங்கையும் தமிழையும் குழைத்து. "இக்கட காத்து அப்படி. மஞ்சி காத்து. கெட்டிக் காத்து."

"ஆமா நாகபூஷணம். இந்தக் கெட்டிக் காத்துலயே அடங்கிக் கீதுன்னா, கீழ செத்த காத்துல இன்னும் அடங்கித்தானே இருக்கும்?"

"அதானே!" என்றார் நாகபூஷணம்.

இந்தத் தப்பை வேறெந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக ஒரு காற்றைக் கெட்டி என்று சொல்லி, அதைப் பரம்பரையாக நம்பி, அந்த நம்பிக்கையில் புல்லி மாட்டியவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். உண்மை நேர்மாறு. மேட்டுக் காற்று மெலிசு. பள்ளத்துக்கு இறங்க இறங்க, மேலே இருக்கிற காற்றெல்லாம் சேர்ந்து அமுக்குவதால் அது கனத்துக்கொண்டே போகும். குப்பத்தில் சிவப்பு டேப்பைத் தொடுகிற அதே சின்ன புல்லி, திருப்பதி மட்டத்துக்கு வந்தால் டேப்பைத் தாண்டிவிடும். கூடவே வெயிலும் சேர்ந்துகொண்டால் பெட்ரோல் முன்கூட்டி வெடிக்கத் துடித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்து சனிக்கிழமை சாயங்காலம் காட் ரோட்டில் இறங்கிவந்தபோது மிதிக்க வேண்டிய தேவையே வராததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாடிக்கொண்டே இறங்கினார்.

மறுநாள் திருப்பதியில் ஜாபேஸின் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். காலையில் சொந்த சபையில் ஆர்மோனியம் வாசிக்க வேண்டியிருந்ததால் தபீதாளால் அந்த ஆராதனைக்குப் போக முடியவில்லை, விருந்துக்காவது போய்ச் சேரலாம் என்று உச்சிவெயிலில் கிளம்பினார்கள். அவள் மடியில் குழந்தைக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையை வைத்துக்கொண்டு, பாதி தூக்கத்தில் ஒரு பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். சந்திரகிரி தாண்டியது. ரோட்டின் மேல் கானல் தண்ணீர் தேங்கி, பக்கத்தில் போனதும் வற்றியது. தூரத்தில் திருமலை நீலமாக மிதந்தது. முன்னால், திருமலைக்கு மொட்டை போடப் போகிற தலைகள் நிறைந்த ஒரு பஸ் ஆடி அசைந்து போனது. கிருபானந்தம் அதைத் தாண்டுவதற்காக மிதித்தார்.

நத்தை பாடியது. குப்பத்தில் பாடியதைவிட உயர்ந்த குரலில் பாடியது. அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது. வெயிலும் ரோடும் மலையும் பஸ்சும் மெதுவாகக் கரைந்து, அந்தக் குரல் மட்டும் மிச்சமிருந்தது. அந்த மயக்கத்திலேயே அவர் மீட்டரைப் பார்த்தார். ஊசி சிவப்பு டேப்பின் மறுபக்கத்தில் இருந்தது.

டின்னுக்குள் கோலிக்குண்டு உருண்டது.

பக்கவாட்டில் பஸ் பாதிதான் பின்னால் போயிருந்தது. இன்னும் ரவ மிதித்தால் தாண்டிவிடலாம். இன்னும் ரவ என்கிற அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அப்போது பக்கத்தில் முனகல் நின்றிருந்தது. தபீதாள் கத்தவில்லை. கண்ணைத் திறந்து, சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருபானந்தம் காலை எடுத்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு முன்னே போனது. மொட்டைக்குப் போகிற தலைகள் சன்னல்களில் திரும்பிப் பார்த்துச் சிரித்தன.

ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, என்ஜினின் மேல் காதை வைக்காத குறையாகக் குனிந்து கேட்டார். என்ஜின் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவருக்குத்தான் மூச்சு இரைத்தது. இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார்.

"போச்சா?" என்றாள் தபீதாள்.

"போகல. ஆனா போயிருக்கும். மேல நல்லாத்தான் இருந்துச்சி. எனக்கு ஒண்ணும் புரியல."

"சரி, ஏறுங்க. மெதுவாப் போங்க." அவள் போய் உட்கார்ந்து, கசங்கிய குழந்தைச் சட்டையை நீவி மடித்தாள். அதுதான் அவருக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

விருந்துப் பந்தலில் அவருக்குப் பிரியாணி இறங்கவில்லை. குழந்தை புதுச் சட்டையில் எல்லார் மடியிலும் ஒரு சுற்று வந்தது. ஜாபேஸ் வந்து தோளைத் தொட்டு, "மாமா, அந்த வேலைக்கு இன்னா சொல்றீங்க? அவங்க ஆளைக் கேட்டுக்கினே கீறாங்க" என்றான். கிருபானந்தம் தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தை டம்ளருக்குள் மறைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கை கழுவுகிற குழாயடியில் அக்காளும் தம்பியும் தனியாகப் பேசுவதைப் பார்த்தார். தபீதாள் ஏதோ சொன்னாள். ஜாபேஸ் திரும்பி இவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். முடிந்தது, சேருகிற தேதியைப் பேசிவிட்டார்கள் என்று கிருபானந்தம் நினைத்துக்கொண்டார். கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டுவிட்டால் நிஜமாகிவிடும்.

அதன் பிறகு சில வாரங்கள் அந்த மனிதர் தூக்கத்தில் நடக்கிறவர் போல இருந்தார். மேட்டுக் காற்று, பள்ளத்துக் காற்று விவகாரம் ஒரு வழியாக அவருக்கு விளங்கியது. நாற்பது வருஷம் நம்பிய கெட்டிக் காற்று தலைகீழாகப் போனதில் நைனாவே ஏமாற்றிவிட்ட மாதிரி வருத்தப்பட்டார். பெரிய புல்லியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் மொகிலி வரை போய்வந்தார். ஊசி எங்கேயும் டேப்பின் பக்கம் வரவில்லை. வளைவில் கார் திணறியது, கியரை இறக்க வேண்டியிருந்தது, பழைய பஸ்சின் அதே பெருமூச்சு. கனவும் மாறிப்போனது. அதில் கார் வளைவின் பாதியில் நின்று, சத்தமில்லாமல் பின்னோக்கி உருண்டது. தபீதாள், திரும்பவும் காட் ரோடா என்று கேட்பதையும் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபையில் மின்விசிறிகள் சோம்பலாகச் சுற்றின. உச்சஸ்தாயியில் போகிற ஒரு பெரிய பாட்டு. சபையார் தொண்டை கிழியப் பாட, தபீதாள் பெடலை வேகவேகமாக மிதித்தாள். கிருபானந்தம் அரைக்கண் மூடியிருந்தார். பாட்டுக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஃபூ. கொஞ்சம் கழித்து மறுபடியும், ஃபூ. யாரோ ஒரு மெழுகுவர்த்தியைப் பொறுமையாக ஊதி ஊதி அணைப்பது போல. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கேட்ட சத்தம்தான். கேட்டுக் கேட்டுக் காதிலேயே விழாமல் போயிருந்தது.

பாட்டு முடிந்து எல்லோரும் ஜெபத்துக்குத் தலை குனிந்தபோது, "மிச்சம்!" என்று ஒரு குரல் எழுந்தது. கிருபானந்தம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் இவர் மேல் ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து, "ஆமென்" என்று சேர்த்துவைத்தார்.

ஆராதனை முடிந்ததும் அவர் வெள்ளைச் சட்டையோடு ஆர்மோனியத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"இன்னாங்க இது, சபையார் பாக்கிறாங்க!"

"தபீதா, மிதி. வேகமா மிதி."

அவள் நாலு பக்கமும் பார்த்துவிட்டு மிதித்தாள். உள்ளே தோல் பை உப்பிக்கொண்டே வந்தது. முழுசாக நிறைந்ததும், பையின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கதவு தானாகத் திறந்தது. ஃபூ. முகத்தின் மேல் தூசியும் காற்றும் விழுந்தன. அவருக்கு அது பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும்தான். நெறைஞ்சிடுச்சின்னா மிச்சக் காத்த அதுவே வுட்டுடும். நான் எவ்ளோ மிதிச்சாலும் பை கியியாது. அதனாலதான நான் காலைப் பத்திக் கவலையே படறதில்ல." குனிந்து அவரைப் பார்த்தாள். "இதைக் கண்டுபிடிக்கவா ஜெபத்துல எழுந்து கத்தினீங்க?"

சக்கரத்தை அடக்க முடியாதென்றால் அடக்க வேண்டாம். அது இஷ்டத்துக்கு ஊதட்டும். நத்தையிலிருந்து என்ஜினுக்குப் போகிற குழாயில் ஒரு கதவு வைத்து, டேப்பின் அளவு வந்ததும் மிச்சத்தை வெளியே விட்டுவிட்டால் போயிற்று. மேட்டிலும் பள்ளத்திலும் கதவு அதே அளவில்தான் திறக்கும். இப்படிக் கதவுகள் கடையில் விற்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் காற்றைச் சம்பாதிக்கவே பிறந்தவருக்கு, அதை வீணாக வெளியே விடுவது பாவமாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆர்மோனியத்துக்கு அடியில் படுத்த பிறகுதான் அந்தப் பாவம் கழிந்தது.

பித்தளையில் ஒரு மூடி கடைந்தார். அதை அமுக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர்களை ஒன்று சேர்த்தும் ஒன்று எடுத்தும், டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூடி சரியாகச் சிவப்பு டேப்பின் அளவில் இமை திறப்பது போலத் திறந்த அன்று, அதைக் காரில் மாட்டினார். பெரிய புல்லியைக் கழற்றி, திருப்பதி ரோட்டில் பயமுறுத்திய அதே சின்ன புல்லியைப் போட்டார்.

வைகாசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த காலை. மாந்தோப்புகள் கழுவி வைத்த மாதிரி இருந்தன. "நீ ஓட்டு" என்று சாவியைத் தபீதாளிடம் கொடுத்தார்.

"நானா? உங்க வளைவாச்சே."

"எனக்குக் கேக்கணும். ஓட்டினா கேக்க முடியாது."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஆர்மோனியத்துக்கும் அவள் வெறுங்காலோடுதான் உட்காருவாள். மொகிலி வந்தது. ரோடு நிமிர்ந்தது. இரண்டு பக்கமும் ஈரப் பாறைகள், அவற்றின் மேல் புகை போல மேகம் இறங்கியிருந்தது. முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. வளைவு மெல்ல அவர்களை நோக்கி வந்தது. சீதாப்பழச் செடிகள் தெரிந்தன. கிருபானந்தம் தன்னை அறியாமல் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

தபீதாள் கியரைத் தொடவில்லை. கால் மட்டும் கொஞ்சம் அழுந்தியது, பாட்டின் அடுத்த அடிக்குப் போவது போல. நத்தை பாடத் தொடங்கியது. கார் வளைவுக்குள் நுழைந்து தயங்காமல் ஏறியது. ஊசி டேப்பைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஃபூ. கிருபானந்தமும் பிடித்திருந்த மூச்சை விட்டார். பாறைகள் ஒதுங்கி வழிவிட்டன. மேகம் வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது. விழிப்பு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே காத்திருந்தார். விழிப்பு வரவில்லை. உச்சி வந்தது.

மேலே, தக்காளி லாரிகள் நிற்கிற ஒரு டீக்கடைப் பக்கம் தபீதாள் காரை நிறுத்தினாள். இரண்டு பேரும் இறங்கி, பானெட்டில் சாய்ந்துகொண்டு டீ குடித்தார்கள். கிருபானந்தம் தொண்டையைச் செருமினார்.

"ஜாபேஸ் கிட்ட சொல்லு. நான் வரேன்."

"எங்க?"

"ஸ்ரீசிட்டிக்குத்தான். என்ஜின் போகலதான், இருந்தாலும் தேதி பேசிட்டீங்க. ஏசி ஹாலுன்னா ஏசி ஹாலு. நான் இந்த வளைவை ஏறிட்டேன். எனக்கு அது போதும்."

தபீதாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த வேலையில வேற ஆளு சேந்து ஒரு மாசம் ஆவுது."

"இன்னாது?"

"நான்தான் வாணாம்னு சொன்னேன். திருப்பதியில, கை கழுவசொல்ல, அந்தக் கொழாயடியில."

கிருபானந்தத்துக்கு விளங்கவில்லை. "அன்னைக்கா? அன்னைக்கு இந்தக் கதவே இல்லியே. என்ஜினு போவத் தெரிஞ்சிதே. நீயே பாத்துக்கினு இருந்தியே."

"பாத்துக்கினுதான் இருந்தேன்." அவள் அவருடைய காலைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த மாதிரியே. "ரெண்டு வாட்டி நான் கத்திக்கூட நீங்க எடுக்கல. அன்னைக்கு நான் வாயே தெறக்கல. நீங்களா எடுத்தீங்க. அப்பாலே எனக்கு இன்னா பயம்? பெயிண்ட் அடிக்கசொல்ல மாஸ்க் போடுங்க. பெட்ரோல் குழாய வாயில வைக்காதீங்க. அவ்ளோதான்."

அவருக்கு நெஞ்சு அடைத்தது. மேல்சட்டைப் பையில் இன்ஹேலரைத் தேடி எடுத்து, மூடியைத் திறந்து, உதட்டுவரை கொண்டுபோனார். அப்புறம்தான் அது வீசிங் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. தக்காளி லாரிக்காரர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், அவர் அழுது முடிக்கிறவரை அழுதார்.

தபீதாள் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, கார் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"எறங்கசொல்ல நீங்க ஓட்டுங்க," என்றாள். "நான் ரவ தூங்கறேன்."